மாத்திரை தின்ற கோழி

எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் டீச்சராகப் போனபோது என் டிரங்குப் பெட்டியில் பதினோரு கதைகள் இருந்தன. பதினொன்றிலும் கடைசியில் யாராவது செத்துப்போவார்கள். ஒன்றில் கதாநாயகி கிணற்றில் விழுவாள், இன்னொன்றில் ரயில் வரும். ஒன்றைக்கூட எந்தப் பத்திரிகையும் போடவில்லை. அனுப்பிய வேகத்திலேயே திரும்பி வந்தன.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததே தவிர சந்தேகம் இல்லை. கல்லூரியில் எங்களுக்கு நாடகப் பாடம் நடத்தியவர், சாவில் முடிகிற நாடகம்தான் பெரியது, கல்யாணத்தில் முடிவதெல்லாம் பொழுதுபோக்கு என்று சொல்லியிருந்தார். தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளை மனப்பாடம் செய்தபோது நகை முதலிலும் அழுகை அதற்கு அடுத்தும் வருவதைப் பார்த்து, ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "ஓசைக்காக வைத்திருப்பார்கள், நீ எழுதிக்கொள்" என்றார். எழுதிக்கொண்டேன். என் கதைகளில் அழுகையைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று எனக்குள் முடிவும் செய்துகொண்டேன்.

போளூரிலிருந்து மலைக்கு அப்போது ஒரு நாளைக்கு இரண்டு பஸ். மழை பெய்தால் ஒன்று. பலத்த மழை என்றால் அதுவும் இல்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கூடம் மூன்று மைல் நடை. மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஹாஸ்டல் பள்ளி அது. ஹாஸ்டலை ஒட்டி ஓடு போட்ட ஓர் அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மற்ற வாத்தியார்கள் வெள்ளிக்கிழமை இறங்கினால் திங்கள்கிழமை மதியம்தான் ஏறுவார்கள். சாயங்காலம் நாலரைக்குப் பிறகு பேச ஆள் கிடையாது. துயரமான கதை எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

ஹாஸ்டல் சமையலுக்குக் கூடமாட வேலை செய்ய பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா வருவாள். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவள். கொஞ்சம் சாமை விளைகிற நிலமும் இரண்டு புளியமரமும் இருந்தன. புருஷன் இல்லை. ஒரே ஒரு பெண், எங்கள் பள்ளியில்தான் படித்தது. அக்கா அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் சுற்றி நாலைந்து பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் என் அறைவரை வரும். ஒருநாள் நானும் போய் உட்கார்ந்தேன். அவள் தன் புருஷன் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிற வேலை. நாலு வருஷம் பார்த்தார். இருமலோடு திரும்பி வந்தார். கடைசியில் கீழே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடம்பை மலைக்கு ஏற்ற வண்டி கிடைக்காமல், காலியாக மேலே வந்த ஒரு லாரியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். சந்தனக் கட்டை கடத்துகிறார்களா என்று பார்க்கிற செக்போஸ்டில், ஏறுகிற வண்டியையும் விடாமல், லாரியை நிறுத்திவிட்டார்கள்.

"பின்னாடி போர்த்தி வெச்சிகிறியே, அது இன்னான்னு கேட்டான்" என்றாள் அக்கா, கையை முறத்திலிருந்து எடுக்காமல். "கட்டைதாங்கன்னேன். அவனுக்கு மூஞ்சி மலர்ந்துபோச்சி. இன்னா கட்டைன்னான். நீங்க தேடுற கட்டை இல்லீங்க, இது வாசனை இல்லாத கட்டை, இன்னும் ரெண்டு நாளு வெச்சிருந்தா இதுவும் வாசனை வரும்னேன். நம்பாம குச்சிய வுட்டு போர்வையத் தூக்கினான். எம்புருசன் மூஞ்சியப் பார்த்தான். குச்சியக் கீழ போட்டுட்டு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டான். உசுரோட இருந்தவரைக்கும் அந்த ஆளுக்கு ஒரு கவர்மென்ட் மனுசன் கும்பிடு போட்டதில்ல."

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அறைக்கு வந்து அதே சம்பவத்தை நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். என் கதையில் அந்தப் பெண் லாரியில் தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்திருப்பாள். செக்போஸ்டே இருந்திருக்காது.

மறுநாள் அவள் தனியாக இருந்தபோது கேட்டேன். "எப்படிக்கா இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீங்க?"

"அழுது சொன்னா எவ டீச்சர் கேப்பா?" என்றாள். "ரெண்டு நாளு கேப்பாளுங்க. மூணாம் நாளு அவளவளுக்கு வேலை வந்துடும். சிரிக்க வெச்சிப் பாருங்க, தெனமும் வந்து ஒக்காந்துக்குவாளுங்க. எனக்கும் பேசறதுக்கு ஆள் வேணும் இல்ல."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது படித்த எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட மாதிரி இருந்தது. சிரிப்புக்கு அடியில் சாவு அப்படியே படுத்திருந்தது. போர்வையைத்தான் அவள் மாற்றிப் போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு டிரங்குப் பெட்டிக் கதைகளை நான் தொடவே இல்லை. அவள் நிலத்துக்குப் பட்டா கேட்டு எழுதி வாங்கி வைத்த மனுவை அவளுடைய ஆடு மூன்று முறை தின்றதையும், ஆடு தின்றதற்குச் சாட்சி கேட்ட குமாஸ்தா முன்னால் அவள் ஆட்டையே கொண்டுபோய் நிறுத்தியதையும் எழுதினேன். முதல் முறையாக ஒரு வாரப்பத்திரிகை என் கதையைப் போட்டது. படமும் வரைந்திருந்தார்கள். ஆட்டின் வாயில் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகை தபாலில் வந்ததும் ஓடிப்போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா கீது. ஆனா ஆடு தின்னுட்டுதுன்னு மொதல்லயே சொல்லிட்டீங்க. மனு எங்கடா போச்சின்னு கொஞ்ச நேரம் தேட வுட்டிருக்கணும்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அடுத்த கதையில் அப்படித்தான் செய்தேன்.

இரண்டு வருஷத்தில் எட்டு கதைகள் வந்தன. ஆசிரியர் எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். மலை வாழ்க்கையின் நகைச்சுவையை இதுவரை யாரும் இப்படி எழுதியதில்லை என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவின் கஷ்டம் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு கதையாகத் தெரிய ஆரம்பித்தது. அவள் சமையற்கட்டிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தால், இவளுக்கு ஏதோ கெடுதல் நடந்திருக்கிறது, நமக்கு ஒரு கதை கிடைத்தது என்று மனசு தயாராகிவிடும்.

அவள் பெண் என் வகுப்பில் ஏழாவது படித்தாள். பதின்மூன்று வயது. அம்மாவின் முகம்தான், ஆனால் பேச்சு கிடையாது. எது நடந்தாலும் அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. வகுப்பே சிரிக்கும்போது அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் ஓய்ந்த பிறகு அவளுக்கு மட்டும் தோள் குலுங்கும்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்கு இருமல் பிடித்தது. விடவில்லை. இளைத்துப்போனாள். வாரம் ஒருமுறை ஊர் ஊராக நடந்து வருகிற நர்சம்மா பார்த்துவிட்டுக் கீழே அழைத்துப்போய் நெஞ்சுப் படம் எடுக்க வைத்தார். அப்பாவுக்கு இருந்த அதே காசநோய். இரண்டு மாதம் ஊசி போட்டார்கள். இருமல் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்குத் தினமும் மாத்திரை. நர்சம்மா மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"வூட்ல குடுத்தா சரியா வராதுங்க டீச்சர். காலையில ஸ்கூல்ல உங்க முன்னாடி முழுங்கட்டும். ஒரு நாளு கூட விடக்கூடாது. நடுவுல விட்டுட்டா அப்புறம் இந்த மருந்து வேலை செய்யாது. வேற மருந்துக்கு நாம எங்க போறது?"

நான் சரி என்றேன். தினமும் பிரேயருக்கு முன் அவள் என் மேஜைக்கு வருவாள். மாத்திரையைக் கொடுப்பேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, தொண்டை ஏறி இறங்க விழுங்குவாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். ஒன்றும் இருக்காது. நல்ல பொண்ணு என்பேன். நன்றி டீச்சர் என்பாள்.

சித்திரை பிறக்கப் போகிற சமயம். அக்கா சமையற்கட்டிலிருந்து வந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு.

"எங்கூட்டு கோழி ரெண்டு மாசமா முட்டை வெக்கலீங்க டீச்சர்" என்று ஆரம்பித்தாள். "இன்னாடா இதுன்னு மந்திரிச்சிப் பார்த்தேன், கூடைய மாத்திப் பார்த்தேன். நேத்து சாயங்காலம் வேலிகிட்ட நின்னு பாக்குறேன், எம்பொண்ணு கேவுரு மாவ உருண்டை புடிச்சி அதுக்கு ஊட்டிக்கினு கீறா. நம்ம பொண்ணுக்கு இவ்ளோ பாசமான்னு கிட்ட போய்ப் பார்த்தா, உருண்டைக்குள்ள நீங்க குடுத்த மாத்திரை."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"இந்த மலையிலயே கவர்மென்ட் மாத்திரைய ஒரு நாளு தப்பாம தின்னது எங்கூட்டு கோழிதான். அதுக்கு இனிமே ஜென்மத்துக்கும் இருமல் வராது. டீச்சரு தெனமும் வாய்க்குள்ள எட்டிப் பார்த்துட்டு நல்ல பொண்ணுன்னு சொல்லுவாங்களாம். இவ கன்னத்துல மாத்திரைய ஒதுக்கி வெச்சிக்கினே, நன்றி டீச்சர்னு சொல்லுவாளாம்."

நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஏமாந்தது நானாக இருந்ததால் இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்தது. அக்காவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். பயந்துகொண்டு வந்து நின்றாள். "எப்படிச் செஞ்ச, காட்டு" என்று ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்தேன். வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கினாள். தெரிந்துகொண்டே பார்த்தும் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒரு விரலை விட்டுக் கொட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவை காட்டு" என்றேன்.

மூன்று தடவை காட்ட வைத்தேன். இதை எழுதும்போது எப்படி வர்ணிப்பது என்று யோசித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"கசக்குது டீச்சர். சாப்ட்டா அப்புறம் சோறு எறங்க மாட்டேங்குது. இருமல்தான் போயிடுச்சே."

திட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சிரித்து முடித்த வாயால் திட்டுகிற திட்டு அது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து கதையை ஒரே மூச்சில் எழுதினேன். மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

நர்சம்மாவிடம் சொல்லவில்லை. இதற்கு நான் பல காரணங்களைப் பின்னால் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெண் நன்றாக இருந்தாள், கன்னம் பூசினாற்போல் இருந்தது, அதனால் பெரிதாகத் தோன்றவில்லை என்பது ஒன்று. உண்மையான காரணம் வேறு. மூன்று மாதம் என் கண்முன்னே ஒரு சின்னப் பெண் என்னை ஏமாற்றினாள் என்று நர்சம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற பத்திரிகையில் எழுத மட்டும் அது குறைச்சலாகத் தெரியவில்லை. அங்கே அது கதை.

இரண்டு வாரம் விரலால் கன்னத்தைத் தடவிப் பார்த்து மாத்திரை கொடுத்தேன். பரீட்சை முடிந்தது. லீவு விட்டார்கள். டப்பாவை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஆரணிக்கு, எங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். ஜூனில் திரும்பி வந்தபோது டப்பாவில் மாத்திரை அப்படியேதான் இருந்தது. கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அக்கா, "அவ நல்லாத்தான கீறா" என்றாள். நல்லாத்தான் இருந்தாள்.

ஆவணியில் இருமல் திரும்பி வந்தது. இந்த முறை ரத்தத்தோடு வந்தது. நர்சம்மா மறுபடியும் ஊசியை ஆரம்பித்தார். பத்து நாள் பார்த்தார். காய்ச்சல் இறங்கவில்லை. "மாத்திரை ஒழுங்காத்தான சாப்ட்டா?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கைப்பையை மூடிக்கொண்டு, "கீழ கொண்டுபோயிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

தூளி கட்டி இரண்டு பேர் பஸ் ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். அக்கா பின்னால் நடந்தாள். நான் ஒரு பையில் துணியும் தட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் பெண்ணின் தலை என் மடியில் இருந்தது. வளைவுகளில் வாந்தி எடுத்தாள். வேறு யாரும் அந்த சீட்டுப் பக்கம் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் இருந்தாள். நான் சனிக்கிழமைதோறும் போவேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கட்டிலில் அவள் கொஞ்சம் குறைந்திருப்பாள். டாக்டர் எங்களை ஓரமாக அழைத்து, இந்த மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது, வேறு மருந்து கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன் என்றார். அக்கா தலையை ஆட்டினாள். வார்டிலும் அவளைச் சுற்றி ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கஞ்சி ஊற்றுகிற அண்டாவைப் பற்றி, ராத்திரி குறட்டை விடுகிற கிழவியைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். முன்னைவிட வேகமாகச் சொன்னாள். நடுவில் நிறுத்த பயந்தவள் மாதிரி.

ஐந்தாவது சனிக்கிழமை நான் போனபோது பக்கத்துக் கட்டில் அம்மாள் ஒரு வாரப்பத்திரிகை வைத்திருந்தாள். அவள் மகன் வாங்கிக் கொடுத்ததாம். பக்கம் திறந்து கிடந்தது. படத்தில் ஒரு கோழி கழுத்தில் மருத்துவர் மாட்டுகிற குழாயை மாட்டிக்கொண்டு நின்றது. கீழே என் பெயர்.

நான் அந்தக் கதையை மறந்தே போயிருந்தேன். ஏப்ரலில் அனுப்பியது, வரிசைப்படி இப்போது வந்திருக்கிறது. பத்திரிகையை மெதுவாக மூடி அந்தப் பக்கம் தள்ளி வைக்கப் பார்த்தேன். அக்கா பார்த்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கோழியைத் தெரிந்தது.

"நம்ம கோழிதான டீச்சர்?"

"ஆமாக்கா."

"படிங்க."

"அப்புறம் படிக்கிறேங்க்கா."

"இவ கேக்கட்டும், படிங்க."

பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பெரிதாக இருந்த முகம். வேறு வழியில்லாமல் படித்தேன். கட்டில்களிலிருந்து ஆட்கள் திரும்பிப் படுத்துக் கேட்டார்கள். கோழி முட்டை வைக்காத இடத்திலேயே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. கதை நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எது எங்கே வர வேண்டுமோ அங்கே வந்திருந்தது. அக்கா எனக்குச் சொன்னதையெல்லாம் அதில் செய்திருந்தேன். டீச்சர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் வார்டே சிரித்தது. துணைக்கு இருந்தவர்கள் சிரித்தார்கள், தரை துடைக்கிறவள் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பெண்ணுக்குத் தோள் குலுங்கியது. பிறகு இருமல் வந்தது. எல்லோரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அது ஓயும்வரை காத்திருந்தார்கள். அக்கா துப்புகிற தொட்டியை எடுத்துப் பிடித்தாள். நான் பத்திரிகையில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

இருமல் நின்றதும் அவள் கேட்டாள். "அவ்ளோதானா டீச்சர்?"

"அவ்ளோதான்."

"அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சி?"

கதையில் அது இல்லை. கதை கோழியோடு முடிந்திருந்தது. வார்டு முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் பார்க்கவில்லை. தொட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு நல்லாயிடுச்சி" என்றேன். "எட்டாவது பாஸ் பண்ணிட்டா."

அவள் யோசித்தாள். "மாத்திரை சாப்டாமலேயா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு திங்கள்கிழமை மத்தியானம் சோறு கொடுக்கிற நேரத்தில் இறந்துபோனாள். தகவல் வந்து நான் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. கீழேயே அடக்கம் செய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் மேலே போகிற ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். அக்காவும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

செக்போஸ்டில் நிறுத்தினார்கள். பழைய ஆளா, புது ஆளா, எனக்குத் தெரியாது. நடு வயசுக்காரர். பின்பக்கம் வந்து போர்வையைப் பார்த்தார். "என்ன அது?" என்றார். அக்காவைப் பார்த்தேன். அவள் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் பயந்தேன். சொல்லிவிட்டால் போதும் என்றும் இருந்தது. சொன்னால் அவள் பழைய அக்காவாகவே இருப்பாள், எதுவும் முழுசாக உடைந்துபோகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் மறுபடியும் கேட்டார்.

"பொண்ணுங்க" என்றேன் நான். குறுக்குத் தடியைத் தூக்கி வழிவிட்டார்.

பத்து நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் கல் பொறுக்கினாள், பேசவில்லை. அவர்கள் முதல் நாள் அழுதார்கள். இரண்டாம் நாளும் கொஞ்சம் அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராக வராமல் போனார்கள். தை மாதத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நான் அதை எழுத முயன்றேன். நான் முதலில் நம்பியபடி, சாவில் முடிகிற பெரிய கதையாக. எத்தனையோ இரவுகள் உட்கார்ந்தேன். கோழியை எடுத்துவிட்டு எழுதினால் அது பொய்யாக இருந்தது, ஏதோ ஒரு பெண் ஏதோ ஒரு நோயில் சாகிற, பெட்டியில் கிடந்த கதைகளைப் போல இன்னொன்று. கோழியைச் சேர்த்து எழுதினால் படிக்கிறவன் சிரிப்பான். அவள் சாகிற வரிக்கு வரும்போதும் அவன் உதட்டில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். சிரிப்பும் சாவும் ஒரே சம்பவம்தான். நான் ஏப்ரலில் நிறுத்தியதால் அது நகைச்சுவை ஆனது. சம்பவம் நிற்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பெண் செத்துப்போக வேண்டியிருந்தது என்று எழுதினேன். அது அழகான வரியாக இருந்தது. அந்த அழகைப் பார்த்ததும் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. கோழிக் கதைக்கு வாசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதே டீச்சரையும் அதே பெண்ணையும் வைத்துத் தொடராக எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். பதில் போடவில்லை.

மாசியில் ஒருநாள் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தாங்கவில்லை. "நான் நர்சம்மாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா. தெரிஞ்சும் சொல்லல. எழுதத்தான் தோணுச்சு" என்றேன். அழுதேன். அவள் பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நானுந்தான் சிரிச்சேன்" என்றாள். "எம்புருசன் அதே நோயில செத்தான், அது தெரிஞ்சும் சிரிச்சேன். எனக்கு சிரிக்கத்தான் தெரியும் டீச்சர். படிப்பு இல்ல, மருந்து இன்னா பண்ணும், வுட்டா இன்னா ஆவும், ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நர்சம்மா உங்ககிட்டதான சொன்னாங்க. நீங்க திட்டுவீங்கன்னுதான் நான் சொல்ல வந்தேன். சிரிக்க வெச்சி சொன்னா கொஞ்சமா திட்டுவீங்கன்னு நெனச்சேன். நீங்க திட்டவே இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மறுபடியும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வருஷமே மாறுதல் கேட்டு எழுதிப் போட்டேன். கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் நாங்கள் தினம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பொங்கலுக்கு அவள் எனக்குச் சாமைச் சோறு கொண்டுவந்து தருவாள். வாங்கிக்கொள்வேன். இரண்டு வாக்கியம் பேசுவோம், மூன்றாவது எங்களுக்குள் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே மேல்வகுப்புகளுக்கு நாடகம் நடத்த வேண்டியிருந்தது. அழுகையும் நகையும் எதிரெதிரானவை என்று புத்தகத்தில் போட்டிருந்ததை அப்படியே நடத்தினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சந்தைக்குப் புளி கொண்டுவந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். அவளே பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நல்லா கீறீங்களா டீச்சர்?"

"இருக்கேங்க்கா. நீங்க?"

"கீறேன்."

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஆச்சு என்றாள். ஹாஸ்டல் வேலையை விட்டுவிட்டாளாம், முட்டி வலியாம். வீட்டில் தம்பி மகன் குடும்பத்தோடு இருக்கிறானாம். எல்லாவற்றையும் இரண்டிரண்டு வார்த்தையில் சொன்னாள். எதிலும் ஒரு வளைவு இல்லை, ஒரு திருப்பம் இல்லை. முன்பெல்லாம் முட்டி வலியை மட்டும் வைத்தே அரை மணி நேரம் சிரிக்க வைத்திருப்பாள். நான் அதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தபோது அருவருப்பாக இருந்தது.

"இன்னும் எழுதறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. விட்டுட்டேன்."

என் முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்தாள். வருத்தப்படுகிறாளா என்று தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை.

"நல்லதுங்க" என்றாள்.

மலைக்குப் போகிற பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அவள் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டுதான் போனாள். பஸ் கிளம்பிப் போனதும் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.